ஆர் கண்டது?

எங்கள் ஊரில் யாரும் ஒரு கதையை முழுதாகச் சொல்லி முடிக்க என் மச்சாள் விட்டதில்லை. பாதியில் மறித்து, "ஆர் கண்டது?" என்பாள். எங்கள் பக்கத்தில் அந்த இரண்டு சொல்லும் பேச்சை முடிக்கிற சொற்கள். தெரியாத விடயத்தை யாராவது கேட்டால் கையை விரித்து "ஆர் கண்டது" என்போம். மழை வருமா, ஆர் கண்டது. பஸ் வருமா, ஆர் கண்டது. அவள் ஒருத்திதான் அதை உண்மையான கேள்வியாகக் கேட்டாள். கண்டவர் யார், எங்கே நின்று கண்டார், அப்போது வெளிச்சம் இருந்ததா? பதில் வரும்வரை சொன்னவரின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். அது மரியாதைக்குறைவு என்று அவளுக்கு எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள்.

அவள் என் அப்பாவின் தங்கை மகள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. யாழ்ப்பாணத்துத் தீவில், சுருவிலில், எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. இடப்பெயர்வில் சிதறி, தொண்ணூற்றாறுக்குப் பிறகு திரும்பி வந்து, இரண்டு குடும்பமும் மறுபடி அதே கிணற்றைத் தூர்வாரிக் குடித்தோம்.

திரும்பி வந்த புதிதில் கூரை இல்லாத கோயிலுக்குள் ஞானோபதேச வகுப்பு நடந்தது. எங்கள் கோயில் சொரூபம் ஒரு புயலன்று கடலில் மிதந்து வந்து கரையில் நின்ற கதையை சிஸ்ரர் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்கெல்லாம் கண் கலங்கும் கட்டம் அது. "ஆர் கண்டது, சிஸ்ரர்?" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. எங்கள் முன்னோர் கண்டார்கள் என்றார் சிஸ்ரர். முன்னோரில் யார், அவர் பெயர் என்ன என்று இவள் கேட்டாள். வகுப்பு முடியும்வரை சொரூபத்தடியில் முழங்காலில் நிற்கும்படி ஆயிற்று. அவள் முழங்காலில் நின்றபடி சொரூபத்தின் அடிப்பலகையைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் சிஸ்ரரிடம், அடியில் பெரிய ஆணி அடித்த பழைய ஓட்டைகள் இருக்கின்றன, இதை எங்கேயோ பலகையோடு இறுக்கி வைத்திருந்திருக்கிறார்கள், கப்பலாக இருக்கலாம், கப்பல் உடைந்திருந்தால் சொரூபம் மிதந்து வந்த கதை சரிதான் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். சிஸ்ரருக்குச் சந்தோஷப்படுவதா மறுபடி முழங்காலில் விடுவதா என்று தெரியவில்லை.

அவளைப் பலரும் நம்பிக்கை இல்லாதவள் என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். நம்புவதற்காகத்தான் அவள் கேட்டாள். நாங்கள்தான் கேட்காமலே நம்பிவிட்டு, நம்பியதை மறந்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சோறு தின்கிறவர்கள்.

கதவுக் கதையையும் சொல்ல வேண்டும். நாங்கள் வந்தபோது எங்கள் வீட்டில் சுவரும் வாசல் நிலையும் மட்டும் நின்றன. ஓடு, யன்னல், கதவு எல்லாம் ஆமி கொண்டுபோய்விட்டது என்று ஊர் சொன்னது. முதலில் சொன்னவர் கோயில் சபைத் தலைவர். எங்களுக்கு முதலே திரும்பி வந்தவர் அவர். ஒரு நாள் அவர் வீட்டில் செபமாலை. எல்லோரும் கண்ணை மூடிச் செபிக்க, இவள் அவருடைய குசினிக் கதவின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிணைச்சல் பூட்டிய இடத்துக்குச் சற்று மேலே, மரத்துண்டு செருகி நீலப் பெயின்ற் பூசி மறைத்த பழைய ஓட்டைகள் இருந்தன. அடுத்த நாள் ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு எங்கள் நிலையில் பிணைச்சல் இருந்த இடங்களை அளந்தாள். பிறகு கொஞ்சம் உப்பு வாங்குகிற சாட்டில் அவர் வீட்டுக்குப் போய்க் கதவின் பழைய ஓட்டைகளை அளந்தாள். முடிச்சுக்கு முடிச்சு சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் முற்றத்தில் நிற்கையில் அவரிடம் போய்க் கேட்டாள்: ஆமி கொண்டுபோனதை ஆர் கண்டது? அவர் முகம் கறுத்தது. அப்பா அவளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஒரு கதவுக்காக ஊரோடு பகைக்க முடியாது என்று சத்தம் போட்டார். கதவைக் கேட்டு அவர் போகவேயில்லை. எங்கள் வாசலில் வருடக்கணக்காகச் சாக்குத்தான் தொங்கியது. அந்த மனிதர் செத்தும் போய்விட்டார், எங்கள் கதவு இன்னும் அந்த வீட்டுக் குசினியில் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. நான் அந்த ஒழுங்கையால் போகிற நேரமெல்லாம் வயிறு எரிகிறது. அப்பாவையும் நான் இதுவரை மன்னிக்கவில்லை.

வாடைக்காற்று ஓய்ந்த பிறகு எங்கள் கரையில் கடல் பீங்கான் துண்டுகளை ஒதுக்கும். வெள்ளையில் நீலப் பூப்போட்டவை, பச்சையாய் மினுங்குகிறவை. நாங்கள் அவற்றைக் கடல்மேல் தத்தவிட்டு விளையாடுவோம். அவள் பொறுக்கிப் பால்மாத் தகரப் பேணியில் போடுவாள். போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி, எங்கே எடுத்தது என்று எழுதுவாள். உடைந்த வள்ளத்துக்குத் தெற்கே, அலை தொடுகிற இடத்துக்கு மேலே, இப்படி. எதற்கு இந்த மினக்கேடு என்று கேட்டால், இடம் தெரியாத துண்டு வெறும் குப்பை என்பாள்.

பட்டணத்தில் சரித்திரம் படிப்பிக்கிற ரீச்சரிடம் காட்டவென்று ஒருநாள் பேணியோடு பஸ்ஸில் போனாள். நானும் கூட. பட்டணத்துக்குள் நுழைகிற பண்ணைப் பாலத்தில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். நேவிக்காரன் தாள்களை விரித்தான். வடக்கு, தெற்கு, வள்ளம், வடலி என்று எழுதியிருந்ததைக் கண்டதும் அவனுக்கு அது வேறு ஏதோ வரைபடம் என்று பட்டுவிட்டது. எங்களைப் பொழுதுபடும்வரை வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். கடைசியில் தாள்களை அவர்கள் வைத்துக்கொண்டார்கள், பீங்கானை எங்கள் கண் முன்னால் பாலத்திலிருந்து கடலில் கொட்டினார்கள். நான் பஸ்ஸில் அழுதேன். அந்த இடத்தில் தண்ணீர் முழங்கால் அளவுதானே, இறங்கிப் பொறுக்கலாம் என்று ஏதோ ஆறுதல் சொன்னேன்.

"பொறுக்கலாம். ஆனா இனி அது பண்ணைக் கடலில எடுத்த பீங்கான்" என்றாள்.

அவள் அழவில்லை. அவளுக்குக் கோபம் வராததுதான் எனக்குக் கோபமாக வந்தது.

உயர்தரப் பரீட்சையில் அவளுக்குச் சரித்திரம் நன்றாக வந்தது, மற்றவை சுமார். ஊர் ஊராக ஓடிப் பள்ளிக்கூடம் மாறியவளுக்கு அதுவே பெரிய காரியம். பொது வழியில் பல்கலைக்கழகம் போகப் புள்ளி போதவில்லை. அவளுடைய அம்மா, என் மாமி, அழுது ஓய்ந்தபோது தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிப்புக்கு மட்டும் நேர்முகம் வைத்து ஆட்களை எடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் வந்தது. அந்த விளம்பரத்தை வாசிக்கையில் அவளுக்கு இருந்த முகத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. மண்ணைக் கிண்டிப் பார்ப்பதைப் படிப்பாக வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு நம்ப முடியாததாக இருந்தது. மாமி ஒரு நிபந்தனை போட்டார். இது கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் படிப்புப் பேச்சே எடுக்கக் கூடாது.

விண்ணப்பம் போய், வரச்சொல்லிக் கடிதமும் வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு விறாந்தையில் நேர்முகம் தொடங்கியது. நான் கதிரையில் இருக்கிற பேராசிரியர். அவள் என்னை "சேர்" என்று கூப்பிட வேண்டும், நான் அவளை "நீர்" என்பேன். முதல் நாள் நான் தொண்டையைச் செருமி, நீர் ஏன் தொல்லியல் படிக்க விரும்புகிறீர் என்று கேட்டேன்.

"எங்கட வீட்டைப் பற்றி ஊரில ஆளுக்கொரு கதை சொன்னவை, சேர். கதவு ஒண்டும் சொல்லாமல் நிண்டது. நான் கதவை நம்பினனான்."

கதவுக் கதையைப் பேராசிரியர்களிடம் எடுக்காதே என்று தலையில் அடித்துக்கொண்டேன். நாட்டின் மரபுரிமையைப் பாதுகாக்க விரும்புகிறேன் என்று சொல்லப் பழக்கினேன். மனமில்லாமல் பழகினாள். ஆனால் அந்த இரண்டு சொல்லை அவள் வாயிலிருந்து எடுக்க முடியவில்லை. எங்கள் கரையில் பழைய துறைமுகம் இருந்ததாமே என்று கேட்டால் உடனே ஆர் கண்டது என்பாள். அதைச் சொல்கிற நேரமெல்லாம் ஒரு வாளி தண்ணீர் அள்ளிக் கத்தரிக்கு ஊற்ற வேண்டும் என்று சட்டம் போட்டேன். அந்த வருடம் எங்கள் வீட்டுக் கத்தரி காய்த்துத் தள்ளியது. அம்மா, இந்த நேர்முகம் முடியாமல் இருந்தால் நல்லது என்றார்.

மெல்ல மெல்லப் பழகினாள். "இதுக்கு என்ன ஆதாரம் எண்டு பார்க்கவேணும், சேர்" என்று அழகாகச் சொல்ல வந்துவிட்டது. கடைசி வாரம் கத்தரிக்குத் தண்ணீரே இல்லை.

தெற்குக்குப் பாதை திறந்திருந்த சமாதான காலம். அப்பா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு முகமாலை, ஓமந்தை என்று சோதனைச் சாவடிகளில் ஏறி இறங்கி அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். மூன்று பேர் இருந்து கேள்வி கேட்டார்கள். இரண்டு பேருக்குத் தமிழ் தெரியாது. மூன்றாமவர் தமிழர், மற்ற இருவருக்கும் மொழிபெயர்த்துச் சொல்பவர். அவர்தான் வாசலுக்கு வந்து, தாளைப் பார்த்து அவளுடைய பெயரை வாசித்துக் கூப்பிட்டார். வாரும் பிள்ளை, பயப்படாதையும் என்றார். எங்கள் பக்கத்து ஆள்! அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. நான் வெளியே போட்டிருந்த வாங்கில் இருந்தேன். வெக்கைக்குக் கதவைத் திறந்து கல் வைத்திருந்தார்கள். உள்ளே பேசியது எல்லாம் கேட்டது.

மரபுரிமை நன்றாகப் போனது. சரித்திரக் கேள்விகள் இரண்டும் நன்றாகப் போயின. பிறகு நேர்முகக் குழுத் தலைவர் மேசையில் எதையோ வைக்கிற சத்தம் கேட்டது. ஆங்கிலத்தில் கேட்டார். எங்கள் ஆள் தமிழாக்கினார்.

"பிள்ளை, இது உங்கட தீவுப் பக்கத்தில எடுத்த சீனப் பீங்கானாம். இது எப்பிடி அங்க வந்திருக்கும்?"

பாடப்புத்தகத் தமிழில் கேட்டிருந்தால் அவள் தப்பியிருப்பாள். நான் அந்தத் தமிழில்தான் பழக்கியிருந்தேன். அந்த மனிதர் வீட்டுத் தமிழில் கேட்டார். மேசையில் பீங்கான் இருக்கிறது, எதிரில் எங்கள் ஊர்ப் பேச்சு. அவள் கதிரையை முன்னால் இழுத்த சத்தம் கேட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது.

"ஆர் கண்டது?" என்றாள்.

எங்கள் ஆள் தலைவரிடம் ஆங்கிலத்தில் அவளுக்குத் தெரியாதாம் என்றார். தெரியாது என்பதை விளங்கிக்கொள்ளுமளவு ஆங்கிலம் எங்கள் இருவருக்கும் இருந்தது.

"நான் தெரியாதெண்டு சொல்லேல்லை, சேர்" என்றாள். "இதைக் கரையில கண்டது ஆர், எந்த இடத்தில கண்டது எண்டு கேட்டனான். அது தெரியாமல் எப்பிடி வந்ததெண்டு சொல்ல ஏலாது."

அவர் சிரித்தார். "பிள்ளை, நானும் யாழ்ப்பாணத்தான். ஆர் கண்டது எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும்."

தலைவர், இந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். பதற்றப்படுகிறாள் என்று அவர் மொழிபெயர்த்தார்.

அந்த மனிதருக்கு யாழ்ப்பாணத் தமிழ் தெரிந்திருந்ததுதான் கேடு. தெரியாதவன் என்றால் சொல்லுக்குச் சொல் மாற்றியிருப்பான், யார் பார்த்தது என்று கேட்கிறாள் என்று சொல்லியிருப்பான், தலைவர் நிமிர்ந்து இருந்திருப்பார். ஒரு மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது என்று அந்தத் தலைவருக்குத் தெரியாமலா இருக்கும்? இவர் தோளைக் குலுக்குகிற ஊரைத்தான் அறிந்திருந்தார். அந்த ஊரில் ஒருத்தி நிமிர்ந்து கேட்பாள் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவள் விளக்கிச் சொன்ன பிறகும் தோன்றவில்லை. இதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

திரும்பி வருகிற வழியில் அப்பா, வாயால் கெட்டாய் என்றார். எடுத்தவர்களின் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. அடுத்த வருடம் அவர்கள் நேர்முகம் வைத்து எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். மாமி தன் நிபந்தனையில் நின்றார். சபைத் தலைவர் வலிய வீட்டுக்கு வந்து, பொம்பிளைப் பிள்ளைக்கு அடக்கம் வேண்டும் என்று மாமிக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள். கொடுத்த கையை முறிக்கலாம் போல இருந்தது.

அவள் பாலர் பாடசாலையில் படிப்பிக்கப் போனாள். பின்னேரங்களில் கரைக்குப் போவதை விடவில்லை. பேணிகள் கூடிக்கொண்டே போயின.

இரண்டு வருடம் கழித்து எங்கள் ஒழுங்கையில் ஒரு வான் வந்து நின்றது. மாணவர்கள் இறங்கினார்கள், கூடவே நேர்முகத்தில் மொழிபெயர்த்த அந்த மனிதரும் இறங்கினார். எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அவர் தீவுக் கரைகளில் ஆராய்ச்சி தொடங்கியிருக்கிறாராம், பீங்கான் எங்கே கிடைக்கும் என்று சந்தியில் விசாரித்ததில், பீங்கான் பொறுக்குகிற பிள்ளையைக் கேளுங்கள் என்று எங்கள் வாசல் படலையைக் காட்டிவிட்டிருக்கிறார்கள். அவளைப் பார்த்து வணக்கம் சொன்னார். யாரோ புது ஆளுக்குச் சொல்கிற வணக்கம்.

நான் அவளைக் குசினிக்குள் இழுத்தேன். "அவனுக்கு ஒண்டும் காட்டாத. தெரியாதெண்டு சொல்லு. உன்னைத் தெரியாதவள் எண்டுதானே சொன்னவன்."

"கடல் வருசாவருசம் கரையை அரிக்குது, மச்சாள். இன்னும் கொஞ்ச நாளில காட்ட இடமே இராது" என்றாள். "அந்தப் பிள்ளையள் என்ன செய்ததுகள்?"

போனாள். மத்தியானம் முழுக்க அந்தப் பிள்ளைகளைக் கரை நெடுகக் கூட்டிக்கொண்டு திரிந்தாள். எந்த இடத்தில் நீலம் கூட, எந்த இடத்தில் பச்சை, மண் எங்கே நிறம் மாறுகிறது என்று காட்டினாள். எங்கள் வயதை ஒத்த ஒரு மாணவி பக்கத்திலேயே நின்று எழுதிக்கொண்டாள். அந்த மாணவி போட்டிருந்த பெரிய தொப்பியையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மச்சாளின் தலையில் இருந்திருக்க வேண்டியது அது. வீட்டுக்கு வந்து பேணிகள் எல்லாவற்றையும் எடுத்து, தாள் சுற்றியபடியே கொடுத்தாள். ஒன்றைக்கூடத் தனக்கென்று வைக்கவில்லை. வீட்டில் வைத்தால் அடுத்த சண்டையில் போய்விடும், அங்கே இருந்தால் இருக்கும் என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் அவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அவர் தாள்களை விரித்து விரித்துப் பார்த்தார். எங்கே எடுத்தது, எந்த மாதம், எவ்வளவு ஆழம் என்று எல்லாம் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"பிள்ளை, நீர் இதைப் படிச்சிருக்கலாமே" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

கட்டுரை எழுதும்போது உமக்கு நன்றி போட வேண்டும் என்று சொல்லி, அவர் பையிலிருந்து பேனையை எடுத்தார். பெயரைச் சொல்லும் என்றார்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் நான் அதுவரை காணாத ஒன்றை அன்று கண்டேன். இத்தனை வருடமும் எனக்கு மட்டும்தான் கோபம் என்று நினைத்திருந்தேன்.

"என்ர பெயர் உங்களிட்ட ஒருக்கா இருந்தது, சேர்" என்றாள். "வாசலில வந்து நீங்கள்தான் வாசிச்சுக் கூப்பிட்டனீங்கள். அண்டைக்கு வேண்டாமெண்டு விட்டனீங்கள். இனித் தரேலாது."

அவர் பேனையைத் திறந்தபடியே நின்றார். அவருக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ, வந்திருக்க வேண்டும் என்று இன்றும் ஆசைப்படுகிறேன். இடங்களை மட்டும் பிழைவிடாமல் எழுதுங்கள் என்று அந்தத் தொப்பி போட்ட பெண்ணிடம் சொல்லிவிட்டு, அவர்கள் வெளியே போனதும் அவள் படலையைச் சாத்திக் கொளுவினாள்.

இதை எழுதப்போகிறேன், உன் பெயரைப் போடலாமா என்று நானும் அவளிடம் கேட்டேன். எனக்கும் தரவில்லை.